இல்லவே இல்லை

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் வாசலில் நின்றுகொண்டு, வேலை முடிந்து வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து பார்ப்பதுதான் பத்தொன்பது வருஷமாக அவருடைய உத்தியோகம். உள்ளே தைக்கிற பெண்கள் அவருக்கு வைத்த பெயர் எக்ஸ்ரே. டிபன் டப்பாவின் மூடியைக் கழற்றி, அடித்தட்டைத் தூக்கி, குடையை விரித்து, கைக்குட்டையை உதறி, எல்லாம் ஆன பிறகு "போகலாம்" என்று ஒரு வார்த்தை சொல்வார். அந்த வார்த்தை வந்தால்தான் ஆள் நகர முடியும். இத்தனை வருஷத்தில் அவர் பிடித்தது மொத்தம் இரண்டு நூல்கண்டும் ஒரு பொட்டலம் பட்டனும். அதிலும் ஒரு நூல்கண்டு, பாவம், முந்தானையில் தானாக ஒட்டிக்கொண்டு வந்தது. "பிடிபட்டதே இவ்வளவுன்னா பிடிபடாதது எவ்வளவு இருக்கும்?" என்று கேட்பார். இப்படிப்பட்ட மனுஷனிடம் என்ன பேசுவது, சொல்லுங்கள்.

வாசலோடு விட்டால் பரவாயில்லை. சீருடையைக் கழற்றிக் கொடியில் போடுவார், சந்தேகத்தை மட்டும் கழற்ற மாட்டார். பக்கத்து வீட்டு அரசுப் பள்ளி வாத்தியார் இவர் வீட்டுச் செய்தித்தாளைத் திருட்டுத்தனமாகப் படித்துவிட்டு மறுபடி மடித்து வைக்கிறார் என்று ஒருநாள் அவரை வாசலில் வைத்தே கேட்டார். வாத்தியார் அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். கீழ்வீட்டில் இருந்த அரசு மருத்துவமனை நர்ஸம்மா தண்ணீர்க் குழாயில் என்னமோ செய்கிறாள் என்று இரண்டு நாள் படிக்கட்டில் உட்கார்ந்து காவல் காத்தார். அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த வீட்டுக்கு மனம் கோணாமல் வந்துபோன ஒரே ஆள் மச்சினன்தான். மனைவியின் தம்பி, தபால் நிலையத்தில் கவுண்டரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான். அக்கா கையால் சாப்பிட்டுவிட்டு, அக்கா மகளோடு கொஞ்ச நேரம் வம்பளந்துவிட்டுப் போவான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத ஆள்.

மகளுக்கு நில அளவைப் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. வீட்டில் அத்தனை பேருக்கும் தலைகால் புரியவில்லை. ஆனால் எக்ஸ்ரேயின் சம்பளத்தை வைத்துக்கொண்டு அந்தக் கல்லூரியின் படியைக்கூட மிதிக்க முடியாது. அரசாங்கத்தின் கல்வி உதவி கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அந்த உதவிக்கான அனுமதிக் கடிதம் இருபதாம் தேதிக்குள் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும், சேராவிட்டால் இடம் காத்திருப்புப் பட்டியலில் அடுத்தவருக்கு என்று கல்லூரி கறாராகச் சொல்லிவிட்டது.

விண்ணப்பத்தை வாங்கி வந்து கொடுத்ததே மச்சினன்தான். அடையாள அட்டையைக் கொண்டுபோய் நாலு நகல் எடுத்து வந்ததும் அவன்தான்.

"நானே எழுதிக் குடுத்துடறேன் அத்தான். கவுண்டர்ல தினம் நாலு பேருக்கு எழுதறதுதானே."

"வேணாம் மாப்ள. வீட்டு விஷயம். நானே பாத்துக்கறேன்."

"அப்பா, நானாவது எழுதறேனே" என்றாள் மகள்.

"உனக்கு உலகம் தெரியாது. ஒரு எழுத்து மாறினா வீட்டையே எழுதி வாங்கிடுவான்."

வாடகை வீட்டை யார் எழுதி வாங்க முடியும்? அந்தக் கேள்வி அவள் வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டாள். மச்சினன் கொண்டுவந்த நகலில் ஒன்றை உடனே எடுத்து, யாரும் வேறு எதற்கும் பயன்படுத்திவிடக் கூடாது என்று குறுக்கே 'இந்த விண்ணப்பத்துக்கு மட்டும்' என்று எழுதி, கையெழுத்தும் போட்டு, விண்ணப்பத்தின் பின்னால் குத்தினார். பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்த விண்ணப்பம் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. வீட்டில் எத்தனை அறைகள் என்று ஒரு கேள்வி. "எதுக்குக் கேக்கறான்? நாளைக்கு வந்து ஒண்ணுல குடியேறவா?" என்று முறைத்துவிட்டு, 'இரண்டு, அதுவும் சின்னது' என்று எழுதினார். வங்கிக் கணக்கு எண்ணை எழுதும்போது இடது கையால் மறைத்துக்கொண்டார். யாரிடமிருந்து மறைத்தார் என்று கேட்காதீர்கள். எதிரே இருந்தது பெற்ற பெண்ணும் கட்டிய மனைவியும். பதினேழாவது இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாத்தியா! வேற எங்கயாவது அரசாங்க உதவி வாங்கறோமான்னு பாக்கறான். நாம என்ன ரெண்டு எடத்துல கை நீட்டற ஆளா?"

'இல்லை' என்ற கட்டத்தில் பேனா காகிதத்தைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி டிக் போட்டார். அதுவும் போதாது என்று தோன்றியது. ஓரத்தில் 'இல்லவே இல்லை' என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்தார்.

எழுதி முடித்ததை நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று மகள் சொன்னாள். கடைக்காரன் தனக்கும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டால் என்ன செய்வது? நகல் எடுக்காமலே உறையை ஒட்டி, தானே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டார். போட்ட பிறகு பெட்டியின் வாய்க்குள் குனிந்து பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்.

பதினாறாம் தேதி, திங்கட்கிழமை, பதில் வந்தது. 'பதினேழாம் வினாவில் தாங்களே உறுதிபடத் தெரிவித்துள்ளபடி, தங்கள் குடும்பம் ஏற்கெனவே வேறு அரசு உதவி பெற்று வருவதால், விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. விளக்கம் அளிக்க விரும்பினால் இருபதாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் நேரில் வரவும்.'

எக்ஸ்ரே கடிதத்தை மூன்று தடவை படித்தார். 'பெற்று வருவதால்' என்ற இடத்தில் கண் நின்றதே தவிர, மேலே போகவில்லை.

"நான் அப்படித் தெரிவிக்கவே இல்லையே! அப்ப என் பேர்ல எவனோ தெரிவிச்சிருக்கான். என் பேர்ல எவனோ வாங்கித் தின்னுட்டு இருக்கான்!"

மகள் கடிதத்தில் இருந்த தேதியைப் பார்த்தாள். "அப்பா, நாளைக்கே ஆபீசுக்குப் போயிடலாம்பா. இன்னும் நாலு நாள்தான் இருக்கு."

"கையில ஆதாரம் இல்லாம போனா நம்மளத்தான் பிடிச்சு உள்ள வைப்பான். மொதல்ல ஆளைக் கண்டுபிடிக்கணும்."

அன்றைக்கே ஆரம்பமாயிற்று. முதலில் மனைவி. "எனக்குத் தெரியாம எங்கயாவது கையெழுத்துப் போட்டியா?" அவள் கையில் இருந்த கரண்டியோடு திரும்பினாள். "ஆமாம், போட்டேன். கோட்டை கட்டி வச்சிருக்கேன், அடுப்புக்குப் பின்னால இருக்கு, போய்ப் பாருங்க." அவர் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் அடுப்புப் பக்கம் ஒரு பார்வை போனதை அவள் கவனித்தாள். அடுத்தது மகள். பள்ளிக்கூடத்தில் எதிலாவது பெயர் கொடுத்தாளா, எந்தத் தோழியின் தகப்பன் அரசாங்கத்தில் இருக்கிறான் என்று குடைந்தார். செவ்வாய் போயிற்று. புதன்கிழமை மேசை இழுப்பறையைக் குடைந்தபோது அடையாள அட்டையின் நகல்கள் கையில் தட்டுப்பட்டன. எண்ணினார். மூன்று.

நாலு எடுக்கச் சொன்னது. இருப்பது மூன்று.

அவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. நாலாவது எங்கே? அட்டையைக் கொண்டுபோனது யார்? விண்ணப்பத்தை நானே எழுதித் தருகிறேன் என்று துடித்தது யார்? போன ஞாயிற்றுக்கிழமை பளபளவென்று புது ஷூ போட்டுக்கொண்டு வந்தது யார்? தபால் நிலையத்தில் வருஷத்துக்கு ஒரு ஜோடி கொடுப்பார்கள் என்று மனைவி சொன்னது அவர் காதில் ஏறவேயில்லை.

"என் தம்பிமேல நாக்குமேல பல்லுப் போட்டுப் பேசாதீங்க. நல்லா இருக்காது."

"உன் தம்பின்னா கடவுளா?"

"அப்பா, ப்ளீஸ்..." என்றாள் மகள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

ஆனாலும் அன்றைக்குப் போகவில்லை. இரவுக் காவலுக்கு ஆள் வராததால் தொழிற்சாலையில் கூப்பிட்டுவிட்டார்கள். மறுநாள், வியாழக்கிழமை நடுப்பகலில்தான் தபால் நிலையத்துக்குப் போனார். வரிசையில் பத்துப் பேர். எல்லோரையும் தாண்டிக்கொண்டு நேராக மச்சினனின் கவுண்டருக்கு முன்னால் போய் நின்றார்.

"என்ன அத்தான், இந்நேரத்துல? அக்காவுக்கு ஏதாவது..."

"நாலாவது நகல் எங்க?"

"எந்த நகல்?"

"தெரியாத மாதிரி முழிக்காத. என் அட்டையைக் காட்டி எத்தனை மாசமா வாங்கித் தின்னற?"

தபால் தலை ஒட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். மச்சினனின் முகம் வெளுத்தது. "அத்தான், சாயங்காலம் வீட்டுக்கு வரேன். பேசிக்கலாம்" என்றான் மெதுவாக.

"வீட்டுல பேச ஒண்ணுமில்ல. பையைத் திற."

சொன்னதென்னவோ எக்ஸ்ரே பத்தொன்பது வருஷமாகத் தினம் முந்நூறு தடவை சொல்கிற வார்த்தைதான். ஆனால் அது தொழிற்சாலை வாசல் இல்லை. மச்சினன் நாற்காலிக்குக் கீழேயிருந்து பையை எடுத்துக் கவுண்டர்மேல் வைத்து ஜிப்பைத் திறந்தான். டிபன் டப்பா, துண்டு, கண்ணாடிக் கூடு, மழைக்கோட்டு. எக்ஸ்ரே டப்பாவின் மூடியைக்கூடக் கழற்றிப் பார்த்தார். சாப்பிடாத சோறு அப்படியே இருந்தது.

"பாத்தாச்சா அத்தான்?"

"வேற எங்கயாவது ஒளிச்சு வச்சிருப்ப" என்று எக்ஸ்ரே முணுமுணுத்தார். மச்சினன் ஜிப்பை இழுத்து மூடி, பையைக் கீழே வைத்து, "அடுத்தவங்க வாங்க" என்றான். 'போகலாம்' என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே திரும்பி நடந்தார்.

அன்று வீட்டில் மனைவி தட்டை 'டங்' என்று வைத்தாள்.

வெள்ளிக்கிழமை, இருபதாம் தேதி. இனி ஆதாரம் கிடைக்கும்வரை காத்திருக்க முடியாது. மகள் பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போனாள். கல்வி உதவி அலுவலகத்தில் கூட்டம் நெரிந்தது. மூன்றாம் கவுண்டரில் இருந்த அம்மாள், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். இவர்கள் முறை வரும்போது மணி இரண்டரை.

"என் பேர்ல எவனோ உதவி வாங்கறான்மா. அவன் பேரைச் சொல்லுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றார் எக்ஸ்ரே.

அம்மாள் கோப்பை எடுத்துப் பிரித்தார். "யாரும் வாங்கலையே. நீங்க வாங்கறதா நீங்கதான் எழுதியிருக்கீங்க."

"நானா? இல்லவே இல்லை!"

"அதேதான்" என்றார் அம்மாள். "அதேதான் எழுதியிருக்கீங்க." காகிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார். "பதினேழைக் கொஞ்சம் சத்தமா படிங்க."

எக்ஸ்ரே படித்தார். "எங்கள் குடும்பம் வேறு அரசு உதவி எதுவும் பெறவில்லை. ஆம், இல்லை."

"பெறறீங்களா?"

"இல்லை!"

"வாயால சொன்னா சரி. இதுல போட்டா தப்பு. 'பெறவில்லை'ன்னு அவங்களே அச்சடிச்சிருக்காங்க. அது சரின்னா நீங்க 'ஆம்'ல டிக் போடணும். நீங்க 'இல்லை'ல போட்டிருக்கீங்க. அதாவது, பெறவில்லைங்கறது உண்மை இல்லைங்கறீங்க. அப்படின்னா பெறறீங்க."

எக்ஸ்ரே அந்த வரியை விரலால் தொட்டு இன்னொரு தடவை படித்தார்.

"பாதிப் பேர் இப்படித்தான் போட்டுட்டு வந்து நிக்கறாங்க" என்றார் அம்மாள். "நம்ம வாய்ல 'இல்லை'தானே வரும். ஆனா ஓரத்துல 'இல்லவே இல்லை'ன்னு எழுதி ரெண்டு கோடு போட்டது நீங்க ஒருத்தர்தான். எங்க அதிகாரி பாத்துட்டு, இவ்வளவு தைரியமா ஒத்துக்கற ஆளை நான் பாத்ததே இல்லன்னாரு."

மகளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் கண் கோப்பின் கடைசிப் பக்கத்துக்குப் போயிருந்தது. "அப்பா" என்றாள். "அதைப் பாருங்க."

அடையாள அட்டையின் நகல். குறுக்கே 'இந்த விண்ணப்பத்துக்கு மட்டும்'. கீழே அவருடைய கையெழுத்து. நாலாவது நகல்.

எக்ஸ்ரே கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சாப்பிடாத சோறு கண்ணுக்கு முன்னால் வந்தது, மூடியில்லாமல்.

"திருத்தம் பண்ணிடலாம்" என்றார் அம்மாள், இன்னொரு காகிதத்தை எடுத்துக்கொண்டே. "உங்க குடும்பத்தைப் பத்து வருஷமாத் தெரிஞ்ச அரசு ஊழியர் ஒருத்தர் நேர்ல வந்து சாட்சிக் கையெழுத்துப் போடணும். அஞ்சு மணிக்குள்ள. போட்டா இன்னிக்கே நான் கல்லூரிக்கு மெயில்ல அனுப்பிடறேன். இல்லன்னா என் கையில ஒண்ணுமில்ல."

அரசு ஊழியர். வாத்தியார் அவர் முகத்தில் முழிப்பதில்லை. நர்ஸம்மா வீட்டையே மாற்றிக்கொண்டு போய்விட்டாள். எக்ஸ்ரே மகளைப் பார்த்தார். அவள் தன் போனை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"நீயே கூப்பிடேன்மா. நீ கேட்டா மறுக்க மாட்டான்."

"நான் கேட்டா வருவாரு. ஆனா நான் கேக்க மாட்டேன். நீங்க கேளுங்க."

நடைபாதையில் ஓரமாகப் போய் நின்று கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கப்போவதில்லை என்று நினைத்தபோது எடுத்தான்.

"மாப்ள... அது... நகல் கெடைச்சிருச்சு. என்கிட்டயேதான் இருந்திருக்கு. தப்பெல்லாம் என்னோடதுதான்."

அந்தப் பக்கம் முத்திரை குத்துகிற ஓசை மட்டும் கேட்டது.

"ஒரு சாட்சிக் கையெழுத்து வேணும். அஞ்சு மணிக்குள்ள. கல்வி உதவி ஆபீஸ். புள்ளையோட படிப்பு மாப்ள. வர மாட்டியா?"

"இல்ல" என்றான் மச்சினன். தொடர்பு அறுந்தது.

"என்ன சொன்னாரு?"

"இல்லன்னுட்டான்."

"நீங்க என்னன்னு கேட்டீங்க?"

"வர மாட்டியான்னு கேட்டேன்."

மகள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "வர மாட்டியான்னு கேட்டதுக்கு இல்லன்னா, வரேன்னு அர்த்தமா, வரலைன்னு அர்த்தமா?"

எக்ஸ்ரே மறுபடி கூப்பிட்டார், எடுக்கவில்லை. தபால் நிலையத்திலிருந்து இங்கே வர பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஆகும். பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மூன்றரை ஆயிற்று. நாலு ஆயிற்று. வாசலில் தலை தெரியும்போதெல்லாம் அவர் எழுந்து நின்றார். வருவான், அவனுக்கு இவள்மேல் உயிர் என்று ஒரு நிமிஷம். ஏன் வருவான், எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்டாய் என்று அடுத்த நிமிஷம். மகள் கல்லூரிக் கடிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள். நாலரைக்கு ஒன்றாம் கவுண்டரை மூடினார்கள்.

நாலே முக்காலுக்கு மச்சினன் வந்தான். தோளில் அதே பை. எக்ஸ்ரேயைப் பார்க்காமல் நேராக மகளிடம் போய், அவள் தலையில் கை வைத்துவிட்டு, "எங்க போடணும்?" என்றான்.

மூன்றாம் கவுண்டர் அம்மாள் சாட்சிப் படிவத்தைத் தள்ளினார். பெயர், பதவி, எத்தனை வருஷப் பழக்கம் எல்லாம் எழுதினான். கடைசியில் ஒரு வரி. எக்ஸ்ரே எட்டிப் பார்த்தார். 'இந்தக் குடும்பத்தின் நேர்மை குறித்து எனக்கு எவ்விதச் சந்தேகமும் இல்லை. ஆம் / இல்லை.'

அதே கண்ணி. எக்ஸ்ரே 'மாப்ள, பாத்துப் போடு' என்று சொல்ல வாயெடுத்தார். மகள் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். நேற்று பத்துப் பேர் முன்னால் பையைத் திறந்து காட்டிய ஆள், இன்று எந்தக் கட்டத்தில் போட்டாலும் யார் கேட்க முடியும்? பேனா அந்த வரியில் ஒரு கணம்கூட நிற்கவில்லை. 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் போட்டு, கையெழுத்திட்டு, காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

அம்மாள் முத்திரை குத்தினார். "இன்னிக்கே போயிடும்மா. நல்லாப் படி" என்றார். மகள் அங்கேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். எக்ஸ்ரேக்கும் கண்ணில் தண்ணீர் முட்டியது. அதைத் துடைத்துக்கொண்டு மச்சினன் பின்னாலேயே வாசல்வரை ஓடினார்.

"மாப்ள!"

மச்சினன் திரும்பினான். என்ன நினைத்தானோ, தோளிலிருந்து பையை இறக்கினான். ஜிப்பைத் திறந்தான். தொழிற்சாலைப் பெண்கள் காட்டுவார்களே, அதேபோல இரண்டு கையாலும் விரித்து அவர் முன்னால் பிடித்தான்.

எக்ஸ்ரே உள்ளே பார்க்கவில்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகத் திறந்த பையிலிருந்து கண்ணை எடுத்து எதிரே நின்றவனின் முகத்தைப் பார்த்தார். ஜிப்பைப் பிடித்து மூடினார். நடுவில் துணி சிக்கிக்கொண்டது. அதை எடுத்துவிட நேரமாயிற்று. மச்சினன் பொறுமையாக நின்றான்.

"நான் செஞ்சது பெரிய தப்பு மாப்ள. என்னை மன்னிச்சுக்க."

மச்சினன் தலையை ஆட்டினான். ஆமாம் என்றா, சரி என்றா, தெரியவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

எக்ஸ்ரேக்கு இன்னொன்று கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வர மாட்டியா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்படிக் கேட்கக் கூடாது என்று அதை விழுங்கினார். வார்த்தையை ஒழுங்காக எடுத்து வைத்து, நேராகக் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வருவியா?"

"இல்ல அத்தான்" என்றான் மச்சினன்.

படியிறங்கிப் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தான். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்று, "மாமா என்னப்பா சொன்னாரு?" என்று கேட்டாள். அவர் பஸ் நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவை கேள்வியைச் சரியாகத்தான் கேட்டிருந்தார்.